வழுக்கையாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவியியல் படிப்பித்த ஆள் என்று தெரிந்தால் போதும், கார்த்திகை மழை பிடித்ததும் சனம் வழுக்கையாற்றைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடும். சந்தையில் கேட்பார்கள், செத்தவீட்டில் கேட்பார்கள், கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். இடம்தான் மாறும், கேள்வி மாறாது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

வழுக்கையாறு எங்க தொடங்கி எங்க முடியுது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துக்குள் மட்டும் ஓடுகிற ஓடை இது. தெல்லிப்பழைப் பக்கத்து மேட்டில் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை என்று தென்மேற்கே இறங்கி, அராலியில் கல்லுண்டாய்ப் பக்கமாகக் கடல்நீரேரியில் விழுகிறது. நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர்.

முடிவைக் கையால் தொட்டுக் காட்டலாம், அராலியில் அணை இருக்கிறது. தொடக்கத்தை அப்படிக் காட்ட முடியாது. மேற்பக்கத்தில் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளம் வடியும் சின்னச் சின்னப் பள்ளங்கள்தான் உண்டு. அவை ஒன்றோடொன்று சேர்ந்து, கந்தரோடையைத் தாண்டிய பிறகுதான் ஆறு என்று சொல்லக்கூடிய உருவம் வருகிறது. மானிப்பாயிலிருந்து சங்கானைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். கோடையில் போனால் கடந்ததே தெரியாது.

உதில தண்ணியே காணேல்லை. பிறகேன் ஆறு எண்டு சொல்லுறியள்?

வருடம் முழுக்க ஓடினால்தான் ஆறு என்றால் குடாநாட்டில் ஆறே இல்லை. தொண்டைமானாறு, உப்பாறு என்று பெயர் இருந்தாலும் அவை கடல்நீரேரிகள். நிலத்தில் விழுந்த மழையைச் சேர்த்துக் கடலுக்குக் கொண்டுபோகிற இயற்கையான ஓட்டம் என்று பார்த்தால் இங்கே பெயர் சொல்ல வழுக்கையாறுதான் உண்டு. அது மாரிக்கு மட்டும் ஓடும்.

ஆண்டுக்கு 1,250 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஐப்பசியில் விழும் முதல் மழைக்கு ஆறு ஓடாது. அந்தத் தண்ணீர் அவ்வளவையும் காய்ந்த நிலம் குடித்துவிடும். நிலம் குடித்து முடித்து, பள்ளங்கள் நிரம்பி, குளங்கள் வழியத் தொடங்கிய பிறகுதான் ஆற்றில் ஓட்டம் தெரியும். ஆகவே ஆறு ஓடுகிறது என்றால், மேலேயுள்ள நிலம் "எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டது என்று அர்த்தம். கீழே வரப்போகிற பல பதில்களுக்கு இதுதான் அடி.

மலையே இல்லாத ஊரில தண்ணிக்கு எந்தப் பக்கம் ஓடோணுமெண்டு எப்பிடித் தெரியும்?

கண்ணுக்குத் தெரியாத சரிவும் தண்ணீருக்குத் தெரியும். வலிகாமத்தின் வடபகுதி கடல் மட்டத்திலிருந்து பத்து மீற்றர் அளவு உயரம். அங்கிருந்து தெற்கேயும் தென்மேற்கேயும் நிலம் மெல்லத் தாழ்கிறது. பத்து மீற்றர் இறக்கத்தை 16 கிலோமீற்றருக்குப் பிரித்துப் பாருங்கள்: ஒரு கிலோமீற்றருக்கு இரண்டு அடி. அராலியை நெருங்க நெருங்க அதுவும் இல்லை.

இவ்வளவு சின்னச் சரிவில் ஓடுகிற தண்ணீரை மறிக்கப் பெரிய அணை தேவையில்லை. ஒரு வீதியை முக்கால் அடி உயர்த்தினால் போதும், ஒரு மதகுக்குள் பனைமட்டையும் சொப்பிங் பையும் அடைத்தால் போதும். மலைநாட்டு ஆற்றில் இதெல்லாம் கணக்கிலேயே வராது.

நீரேந்துபிரதேசம் எண்டு சொல்லுறது ஆத்தங்கரையையோ?

இல்லை. எந்தெந்த நிலத்தில் விழுந்த மழை கடைசியில் அராலி அணையடிக்கு வந்து சேருமோ, அந்த நிலம் முழுவதும் வழுக்கையாற்றின் நீரேந்துபிரதேசம். அதற்குள் தோட்டம், வயல், கோயில் வீதி, பள்ளிக்கூட மைதானம், உங்கள் குசினிக் கூரை எல்லாம் அடக்கம். ஆறு என்று நாம் காட்டுகிற அந்தப் பள்ளம் அதில் மிகச் சிறிய துண்டு.

எல்லை எங்கே என்றால், மழை இரண்டாகப் பிரிகிற மேடுதான் எல்லை. வடக்கே தெல்லிப்பழைக்கு அப்பால் அந்த மேட்டைத் தாண்டிய தண்ணீர் காங்கேசன்துறைக் கடற்கரைப் பக்கம் போகும், இந்த ஆற்றுக்கு வராது.

எங்கட வீடு ஆத்திலயிருந்து ஒரு மைல் தள்ளி. நாங்களும் உதுக்குள்ளயோ?

பெரும்பாலும் ஆம். அறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. கார்த்திகையில் ஒரு பெருமழை விட்ட கையோடு குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கள். உங்கள் படலையடியில் ஓடுகிற தண்ணீரைப் பின்தொடர்ந்து போங்கள். ஒழுங்கையால் கானுக்கு, கானால் வாய்க்காலுக்கு, வாய்க்காலால் ஒரு குளத்துக்கு அல்லது வயல்வெளிக்கு. அது சண்டிலிப்பாய், நவாலி வயல்களை நோக்கிப் போனால் நீங்கள் உள்ளே.

ஒரு வளவின் பங்கு எவ்வளவு என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர், ஆகவே நாலு பரப்பு வளவு ஏறத்தாழ ஆயிரம் சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அந்த வளவுக்குள் மட்டும் ஒரு லட்சம் லீற்றர் தண்ணீர் விழுகிறது. பத்தாயிரம் லீற்றர் பவுசர் பத்து! அது உங்கள் வளவுக்குள் இறங்குகிறதா, ஒழுங்கைக்கு வெளிக்கிடுகிறதா என்பதில்தான் கீழூரின் தலையெழுத்து இருக்கிறது.

மழைத்தண்ணி ஆத்தால கடலுக்குப் போகுதெண்டா, கிணத்துக்குத் தண்ணி எங்கயிருந்து வருது?

ஆற்றால் போவது மிச்சம்தான் என்று மேலே சொன்னேன். முதற்பங்கு கீழே இறங்குகிறது. வலிகாமத்தின் நடுப்பகுதியில் மேலே செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். மயோசீன் என்ற மிகப் பழைய புவிக்காலத்தில் கடலடியில் படிந்த கல் அது. மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்து, தோசையின் மேற்பக்கம் மாதிரி ஓட்டையும் துவாரமுமாக ஆக்கிவைத்திருக்கிறது. செம்மண்ணில் விழுந்த தண்ணீர் அந்த ஓட்டைகளுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் நாம் கிணற்றில் அள்ளுகிறோம்.

ஆனால் அடியில் முழுக்க நன்னீர் இல்லை. குடாநாட்டைச் சுற்றிக் கடல், அதன் உப்புநீர் கல்லுக்குள்ளும் புகுந்திருக்கிறது. பாரம் குறைந்த நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே நாற்பது அடிவரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஓட்டைக் கல்லில் அந்தக் கணக்கு அப்படியே பலிக்காது, உண்மையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். என்றாலும் திசை அதுதான்: மேலே ஓர் அடி இழந்தால் கீழே அதைவிடப் பல மடங்கு உப்பு ஏறும். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான்.

அப்ப ஆத்துக்கு மேல என்ன எல்லையோ, நிலத்துக்குக் கீழயும் அதே எல்லைதானே?

அப்படி நினைப்பது இயல்பு, ஆனால் சுண்ணாம்பு நிலத்தில் அது சரிவராது. மேலே ஓடும் தண்ணீர் மேட்டையும் பள்ளத்தையும் பார்க்கும். கீழே ஓடும் தண்ணீர் கல்லின் வெடிப்பையும் துவாரத்தையும் பார்க்கும். உங்கள் வளவின் வெள்ளம் தெற்கே அராலிக்குப் போக, அதே வளவில் ஊறிய தண்ணீர் வடக்கே கடல் பக்கம் போகலாம். கீரிமலைக் கேணிக்குள் ஊறுவது அப்படி நிலத்துக்கடியால் வந்து கடலோரத்தில் வெளிப்படும் தண்ணீர்தான்.

ஆகவே ஆற்றைப் பற்றிப் பேசும்போது நீரேந்துபிரதேசத்தின் எல்லையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிணற்றைப் பற்றிப் பேசும்போது வலிகாமம் முழுவதும் ஒரே தொட்டி என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

குளங்களுக்கும் ஆத்துக்கும் என்ன தொடர்பு? குளம் நிரம்பினாத்தானே ஆறு?

நீங்கள் சொன்னதுதான் சரியான ஒழுங்கு. மேற்பக்கத்திலிருந்து வரும் வாய்க்கால் ஒரு குளத்தை நிரப்பும், அது வழிந்து அடுத்ததுக்குப் போகும். கந்தரோடைக் குளம் அப்படியான சங்கிலியில் ஒன்று. மழையின் வேகத்தை முதலில் குளம் வாங்கிக்கொள்ளும், ஆறு அதற்குப் பிறகுதான். குளத்தை மேடாக்கினால் அந்த வேகம் நேரே கீழே போகும்.

எல்லாக் குளமும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதையும் சொல்லவேண்டும். செம்மண் பக்கத்துக் குளம் தண்ணீரை நிலத்துக்குள் விட்டுவிடும், தையிலேயே வற்றிப்போகும். "உந்தக் குளத்தால என்ன பிரயோசனம்" என்று கேட்பார்கள். பக்கத்துக் கிணறுகளைக் கேட்டால் பிரயோசனம் தெரியும். களிமண் படிந்த பள்ளத்துக் குளம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், மாட்டுக்கும் வயலுக்கும் உதவும். தூர்வாரும்போது இது எந்தச் சாதி என்று பார்க்காமல் மெசினை இறக்கினால், தண்ணீர் பிடிக்கும் குளத்தின் அடிக்களியைக் கிளறி அதை ஓட்டைச் சட்டியாக்கிவிடுவார்கள்.

அராலி அணை எதுக்கு? பூட்டினா வெள்ளம், திறந்தா உப்பு எண்டு ரெண்டு பக்கமும் ஏசுறாங்கள்.

தண்ணீரைச் சேமிக்கக் கட்டிய அணை அல்ல அது. உப்பை மறிக்கக் கட்டியது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் இருப்பவையும் இதே வகை. ஆற்றுவாயில் சரிவே இல்லாததால், ஓட்டம் நின்றதும் கடல்நீரேரித் தண்ணீர் வாய்க்கால் வழியாக மேலே ஏறி வயலுக்குள் புகும். கல்லுண்டாய்வெளியில் பங்குனி, சித்திரையில் நின்று பாருங்கள். வெடித்த சேற்றின்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், செருப்புக்கடியில் நொறுங்கும். அணை இல்லாவிட்டால் அந்த வெள்ளை வட்டுக்கோட்டை வயல்களுக்கும் போய்ச் சேரும்.

ஏச்சைப் பொறுத்தவரை இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு, ஏனெனில் பிரச்சினை கதவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. வெள்ளம் வருமுன் திறக்கவேண்டும், ஓட்டம் ஓயுமுன் மூடவேண்டும். மேலே நிற்கிற வெள்ளத்தைப் பார்த்து "இப்பவே திற" என்று கத்துவதிலும் எப்போதும் பலன் கிடைக்காது. பெருமழைக் காலத்தில் கடல்நீரேரியும் உயர்ந்துதான் நிற்கும். வெளியே தண்ணீர் உள்ளே இருப்பதற்குச் சமமாக நின்றால் கதவைக் கழற்றி எறிந்தாலும் வடியாது. ஏரி இறங்கும்வரை காத்திருக்கவே வேண்டும்.

முந்தி இப்பிடி வெள்ளம் நிக்கிறேல்லை. மழை கூடிட்டுதோ?

பெருமழை முந்தியும் பெய்தது. 2008 நவம்பர் நிஷாப் புயலையும் 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெங்கலையும் ஒருபக்கம் வைத்துவிட்டு, சாதாரண மழைக்கே ஏன் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். என் கணிப்பில் முதற்காரணம் மதில்.

கிடுகு வேலியும் கதியால் வேலியும் இருந்த காலத்தில் தண்ணீர் வேலிக்கடியால் ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்கு அகலமாக, மெதுவாக, ஒரு விரற்கடை ஆழத்தில் நகர்ந்தது. போகிற வழியில் ஊறியது. இப்போது வளவைச் சுற்றி அத்திவாரம் போட்ட மதில். மதிலடியில் தண்ணீர் போக ஓட்டை விடுகிற மேசன்மாரும் உண்டு, ஆனால் வீட்டுக்காரர் பாம்பு வரும் என்று அதை அடைத்துவிடுவார். மறிபட்ட தண்ணீருக்கு மிஞ்சிய ஒரே வழி ஒழுங்கை. பத்து வளவில் பரந்து நடந்த தண்ணீர் ஒரே ஒழுங்கையால் ஓடுகிறது. ஒழுங்கை ஆறாகிறது, அதன் கடைசியில் இருக்கும் வீடு குளமாகிறது.

இரண்டாவது, வீதி. காபெற் போடும்போது பழைய வீதியின்மேல் படை போட்டு உயர்த்திக்கொண்டே போகிறார்கள், வளவுகள் தாழ்ந்துகொண்டே போகின்றன. மதகு பழைய அளவிலேயே கிடக்கும், அல்லது புதையுண்டுவிடும். மூன்றாவது, பள்ளக்காணியை மண் நிரவி வீடு கட்டுவது. வெள்ளம் நிற்பதற்கென்றே இருந்த இடத்தில் வீடு வந்தால் வெள்ளம் வேறு வீட்டைத் தேடும். மேலே சொன்ன இரண்டடிச் சரிவை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்ப ஆத்தை நல்லா ஆழமாக்கி, ரெண்டு பக்கமும் கொங்கிறீற் போட்டா முடிஞ்சுதே?

வெள்ளத்துக்கு அடுத்து அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, தேர்தல் மேடைக்கு மிகவும் பிடித்த பதிலும் இதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஆற்றுவாய்ப் பக்கத்தில் அடித்தளம் ஏற்கெனவே கடல் மட்டத்தோடு நிற்கிறது. அதற்குக் கீழே வெட்டினால் தண்ணீர் வேகமாக வடியாது, உப்பு வசதியாக உள்ளே வரும். மேற்பக்கத்தில் சுண்ணாம்புக்கல் வரை வெட்டினால், கல்லுக்குள் தங்கியிருக்கும் நிலத்தடி நீர் ஆற்றுக்குள் கசிந்து கடலுக்குப் போய்விடும். மாரியில் ஓர் அடி நீர்மட்டம் இழப்பது ஆவணியில் என்ன செய்யும் என்பதற்கு நாற்பதடிக் கணக்கைப் பாருங்கள். கொங்கிறீற் போட்டால் போகிற வழியில் ஊறுவதும் நின்றுவிடும்.

செய்யவேண்டியது இவ்வளவு கவர்ச்சியானதல்ல. மழைக்கு முன் மதகுகளைத் துப்புரவாக்குவது, வாய்க்காலின் பழைய அகலத்தை மீட்பது, வீதி போடும்போது மதகைப் பெருப்பிப்பது. அகலமாக்குங்கள், ஆழமாக்காதீர்கள்.

என்னெண்டாலும் கடலுக்குப் போற தண்ணி வீண்தானே?

எல்லாம் வீணல்ல. கடல்நீரேரியில் இறால், நண்டு, மீன் வளர்வதற்கு வருடத்தில் சில மாதமாவது உப்பு இளகவேண்டும். அதை மாரி வெள்ளம்தான் செய்கிறது. அராலிப் பக்கத்துக் கடற்றொழிலாளரிடம் "ஒரு சொட்டும் வரவிடமாட்டோம்" என்று போய்ச் சொல்லிப் பாருங்கள். வயலில் கோடையில் ஏறிய உப்பைக் கழுவி வெளியேற்றுவதும் இதே தண்ணீர்தான்.

வீணாவது எது என்றால், நிலம் குடிக்குமுன் ஓடிப்போவது. நிலம் நிறைந்த பிறகு போவதை வீண் என்று சொல்லமாட்டேன்.

ஆத்துத் தண்ணியை வயலுக்கு இறைக்கேலாதோ?

வலிகாமத்து நெல் மழையை நம்பிய நெல். புழுதி விதைப்பாக விதைத்து, மாரி மழையில் வளர்த்து, தை, மாசியில் வெட்டுகிறோம். ஆறு ஓடுகிற நேரத்தில் வயலுக்கு இறைக்கத் தேவையில்லை, வடிப்பதுதான் கவலை. இறைக்கத் தேவைப்படும் நேரத்தில் ஆற்றில் இல்லை. இடையில் மார்கழி, தையில் மழை ஏமாற்றினால் பள்ளத்தில் நிற்கிற தண்ணீர் ஒன்றிரண்டு இறைப்புக்கு உதவும், அவ்வளவுதான். வெங்காயம், புகையிலை, மிளகாய் எல்லாம் கிணற்றை நம்பியவை.

குடிக்கலாமோ?

வேண்டாம். வெள்ளம் கழுவிக்கொண்டு வருவது தோட்டத்து மருந்தும் மலசலகூடக் குழியும் வீதியெண்ணெயும்.

கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்காமல் நம்பவேண்டாம். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பது 1980-களிலிருந்தே ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். யூரியாவும் எருவும் குழிக்கழிவும் செம்மண்ணால் இறங்கி ஓட்டைக் கல்லுக்குள் போவதுதான் காரணம். மண் வடிகட்டும் என்பது ஆழமான மண்ணுக்குச் சரி, இங்கே சில இடங்களில் ஒன்றிரண்டு முழ மண்தான் கல்லுக்கு மேல் கிடக்கிறது. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடுகள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும்.

சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் வந்தது இந்த ஆத்தாலயோ?

இல்லை. சுன்னாகம் மின்நிலையப் பக்கத்திலிருந்து கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் துவாரங்களால் பரவிய கதை அது. 2019-இல் இலங்கை உயர் நீதிமன்றம் (Supreme Court) பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவேண்டுமென்று தீர்ப்பளித்தது. "கீழே ஒரே தொட்டி" என்று மேலே சொன்னதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. ஆற்றில் ஊற்றிய எண்ணெய் ஒரு மாரியோடு போய்விடும். கல்லுக்குள் போனதை எடுப்பது வேறு கதை.

என்ர காணி உறுதிப் பத்திரத்தில மேற்கு எல்லை வாய்க்கால் எண்டு இருக்கு. அப்ப வாய்க்காலும் எனக்குத்தானே?

எல்லை என்று எழுதியிருந்தால், அதற்கு இந்தப் பக்கம் உங்களுடையது என்று அர்த்தம். பக்கத்து வளவை எல்லையாகப் போட்டால் பக்கத்து வளவு நமக்குச் சொந்தமாகிவிடுமா? வாய்க்கால் உங்கள் காணிக்குள்ளால் போவதாக உறுதியிலும் நில அளவைப் படத்திலும் இருந்தால் அது வேறு விடயம், ஒரு நில அளவையாளரைக் கூப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அப்படியிருந்தாலும் ஓட்டத்தை மறிக்காதீர்கள், மேல்வளவுக்காரரோடு வழக்குத்தான் மிஞ்சும்.

இதை ஆரிட்ட முறையிடுறது? ஒவ்வொருத்தரும் மற்றவையைக் காட்டுறாங்கள்.

காட்டுவதில் பொய்யில்லை என்பதுதான் சிக்கல். அணை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, சிறு குளமும் வயல் வாய்க்காலும் கமநல சேவைக்கு, ஒழுங்கையும் கானும் பிரதேச சபைக்கு, பெரிய வீதியின் மதகு வீதி அபிவிருத்தித் தரப்புக்கு. சபையும் ஒன்றல்ல: ஆறு வலிகாமம் வடக்கில் தொடங்கி, தெற்கு, தென்மேற்கு, மேற்கு என்று நாலு பிரதேசங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. தெல்லிப்பழையில் எடுக்கும் முடிவின் தண்ணீர் சண்டிலிப்பாய்க்குத்தான் வருகிறது, ஆனால் சண்டிலிப்பாயாருக்குத் தெல்லிப்பழைச் சபையில் வாக்கில்லை.

முறையிடும்போது "வெள்ளம் நிக்குது" என்று எழுதாதீர்கள். எந்த மதகு, எந்தப் பக்கம் தண்ணீர் உயர்ந்து நிற்கிறது, எந்த வாய்க்காலுக்குப் போகவேண்டியது என்று படத்தோடு எழுதுங்கள். எந்தக் கந்தோருக்குரியது என்பது அதிலேயே தெரிந்துவிடும். நாலு சபைக்கும் பொதுவாக, ஆற்றை ஒன்றாகப் பார்க்கிற ஒரு மேசை வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து.

1990-க்குப் பிறகு மேற்பக்கம் சனமில்லாமல் கிடந்தது. அது ஆத்துக்கு நல்லதோ, கெட்டதோ?

இரண்டும். போர்க்காலத்தில் வலிகாமம் வடக்கில் பெரும்பகுதி இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமாகி, சனம் இருபது வருடத்துக்கு மேல் திரும்ப முடியாமல் இருந்தது. பசளையும் இறைப்பும் அங்கே நின்றன, நிலத்தடி நீருக்கு அது ஓய்வுதான். ஆனால் வாய்க்கால் பற்றை மூடியது, குளம் தூர்ந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, எந்தப் பள்ளத்தால் எந்த மாதம் தண்ணீர் போகும் என்று தெரிந்த ஆட்கள் முகாம்களிலும் வெளிநாட்டிலும் வயது போய்விட்டார்கள். காணி விடுபட்டுத் திரும்பியவர்களின் பிள்ளைகள் வெறும் நிலத்தைத்தான் பார்த்தார்கள், தண்ணீரின் வழியைப் பார்க்கவில்லை. அதற்குக் குறுக்கே மதில் எழும்பியதில் வியப்பில்லை. ஊரில் இன்னும் இருக்கிற கிழவன் கிழவியரைக் கேட்டு வாய்க்கால்களைப் படத்தில் குறித்து வைப்பது, ஒரு பாடசாலை விடுமுறைக்குள் முடிகிற வேலை.

கந்தரோடைக்கு இந்த ஆத்தால கப்பல் வந்ததெண்டு சொல்லுறாங்களே?

கந்தரோடை பழைய குடியிருப்பு என்பதில் ஐயமில்லை. 1970-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகம் அங்கே அகழ்ந்தது. இந்தியக் கரையோடு தொடர்பைக் காட்டும் மட்பாண்டங்கள் கிடைத்தன. ஆகவே சாமான் கடலால்தான் வந்தது.

கப்பலே ஊருக்குள் வந்ததா என்றால், மேலே சொன்ன சரிவையும் நீரேந்துபிரதேசத்தின் சிறிய பரப்பையும் வைத்துப் பார்க்கையில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாரி வெள்ளத்தில் வள்ளமோ கட்டுமரமோ உள்ளே வரை வந்திருக்கலாம். கப்பல் கடல்நீரேரியில் நின்றிருக்கும், சாமான் சின்ன வள்ளத்துக்கு மாறியிருக்கும். அதனால் கந்தரோடைக்கு ஒரு பெருமையும் குறைந்துவிடாது.

'யாழ்ப்பாணத்துக்கு ஆறு' எண்ட திட்டம் இதைத்தானோ?

இல்லை. அது பொறியியலாளர் ஆறுமுகம் 1950-களில் முன்வைத்த திட்டம். ஆனையிறவு, வடமராட்சி, உப்பாறு ஆகிய கடல்நீரேரிகளை நன்னீராக்கி, வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் தண்ணீரைக் குடாநாட்டுக்குள் எடுப்பது அதன் சாரம். எல்லாம் கிழக்குப் பக்கத்து வேலை. வழுக்கையாறு மேற்கில் தனியே கிடக்கிறது. வன்னியின் இரணைமடுக் குளத்திலிருந்தோ, 2024-இல் திறந்த தாளையடிக் கடல்நீர் நன்னீராக்கும் நிலையத்திலிருந்தோ குழாய்த் தண்ணீர் வந்தாலும், வலிகாமத்துத் தோட்டம் கிணற்றைத்தான் நம்பியிருக்கும்.

கடைசியா ஒண்டு. எங்கட கூரைத் தண்ணியை ஒழுங்கைக்கு விடவோ, கிணத்துக்கு விடவோ?

இரண்டும் வேண்டாம், வளவுக்கு விடுங்கள். பீலியை நேரே கிணற்றுக்குள் இறக்குகிறவர்கள் உண்டு. காக்காய் எச்சமும் கூரைத் தூசியும் அதோடு உள்ளே போகும், ஓட்டைக் கல் அதைப் பக்கத்துக் கிணற்றுக்கும் கொண்டுபோகும். அதைவிட, கிணற்றிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் தள்ளி ஒரு குழி வெட்டி, கல்லும் மணலும் போட்டு அதற்குள் விடுங்கள். குழியைச் செம்மண்ணோடு நிறுத்துங்கள், சுண்ணாம்புக்கல் தட்டும்வரை வெட்டவேண்டாம். வெங்காயத் தறைக்குப் பக்கத்தில் வெட்டினால் பசளையும் சேர்ந்து இறங்கும், அதையும் தவிருங்கள்.

அராலி, கல்லுண்டாய்ப் பக்கத்துப் பள்ளக்காணிகளில் இந்தக் குழி வேலை செய்யாது. அங்கே மாரியில் இரண்டு அடி வெட்டினாலே தண்ணீர் நிற்கும். அந்த ஊர்க்காரர் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடிப்பதே நல்லது. மதில் கட்டப்போகிறவர்கள் எந்த ஊராக இருந்தாலும் அடியில் ஓட்டை விடச் சொல்லுங்கள். பாம்புக்குப் பயமென்றால் கம்பி வலை அடிக்கலாம்.